பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்: கல்லூரி வீரர்களும் ஒரு வீடியோ கேமும்

சாம் கெல்லர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவர். ஜெர்சி எண் 9. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் (சுருக்கமாக இஏ) வெளியிட்ட 'என்சிஏஏ ஃபுட்பால்' வீடியோ கேமின் 2005 பதிப்பில் அதே பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்குக்கும் எண் 9தான். உயரம் அதே, எடை அதே. தோல் நிறம், முடியின் நிறம், முடி வெட்டிய விதம், எந்தக் கையால் எறிவார், எந்த மாநிலத்துக்காரர், கல்லூரியில் எத்தனையாவது ஆண்டு, ஹெல்மெட்டில் வைசர் மாட்டுவாரா மாட்டாரா என்பது வரை அச்சு அசலாக கெல்லர். ஜெர்சியின் முதுகில் பெயர் மட்டும் இருக்காது.

கெல்லர் பிறகு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2008 பதிப்பில் நெப்ராஸ்காவின் குவார்ட்டர்பேக் மறுபடியும் அவரேதான். ஆனால் இந்த முறை ஜெர்சி எண் பொருந்தவில்லை. சீசன் தொடங்கும் நேரத்தில் கெல்லர் தன் எண்ணை மாற்றிக்கொண்டதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று பின்னால் மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுதியது. இந்த வழக்கின் ஆவணங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்தப் பொருந்தாத எண்தான். பொருந்துகிற பத்து விஷயங்களைத் தற்செயல் என்று யாராவது வாதாடலாம். பொருந்தாமல் போன இந்த ஒன்றுக்கு அப்படி ஒரு சமாதானம் கிடையாது. ஓர் ஆளைப் பின்தொடர்ந்து நகலெடுத்துக்கொண்டே வந்தவர்கள், அவர் கடைசி நேரத்தில் செய்த மாற்றத்தைப் பிடிக்க முடியாமல் விட்டிருக்கிறார்கள்.

நகலெடுத்த முறையும் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. வீரர்களின் தனிப்பட்ட பழக்கங்களைத் தெரிந்துகொள்ள, ஒவ்வொரு கல்லூரி அணியின் உபகரணப் பொறுப்பாளருக்கும் இஏ விரிவான கேள்வித்தாள் அனுப்பியது. ஜெர்சி, ஹெல்மெட், ஷூ, கைப்பட்டை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிறவர் அவர். யார் இடது மணிக்கட்டில் பட்டை கட்டுவார், யார் எதை மாட்டாமல் களத்தில் இறங்க மாட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வீரரைப் பற்றி இவ்வளவு கேட்டவர்கள் வீரரின் சம்மதத்தை மட்டும் கேட்கவில்லை. கேமில் சொந்த மாநிலம் சரியாக இருக்கும், சொந்த ஊரை மட்டும் மாற்றி வைத்திருப்பார்கள். பெயரையும் ஊரையும் இப்படித் தெரிந்தே விலக்கியதைப் பார்த்தால், எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், பெயர் இல்லாத குறையை கேம் ஆடுபவர்களே தீர்த்துக்கொண்டார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து தயாரித்த பெயர்ப் பட்டியல்களை யார் வேண்டுமானாலும் கேமுக்குள் ஏற்றிக்கொள்ளலாம், உடனே ஜெர்சியில் உண்மைப் பெயர்கள் வந்துவிடும். அப்படிப் பெயர் ஏறிய படங்களைத் தன் இணையதளத்தில் போடவும் இஏ அனுமதித்தது. நம் ஊரில் இதே நிறுவனத்தின் 'கிரிக்கெட் 07' ஆடியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உரிமம் வாங்காத அணிகளில் வீரர்களின் பெயர்கள் எழுத்து திரிந்து இருக்கும், பேட்ச் இறக்கிச் சரிசெய்துகொள்வோம். நமக்கு அது விளையாட்டு. அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்டதாக ஆனதற்கு, என்சிஏஏ என்ற அமைப்பின் ஒரு விதி காரணம்.

அந்த விதி

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு நாம் நினைக்கிற கல்லூரி விளையாட்டு அல்ல. லட்சம் பேர் அமரக்கூடிய மைதானங்கள் பல்கலைக்கழகங்களுக்கே சொந்தமாக இருக்கின்றன. மார்ச் மாதம் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரின் ஒளிபரப்பு உரிமைக்காக 2010இல் சிபிஎஸ்ஸும் டர்னரும் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலர் தர ஒப்பந்தம் போட்டன. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளர்.

இதையெல்லாம் நிர்வகிக்கும் என்சிஏஏ, வீரர்கள் மட்டும் அமெச்சூர்களாக இருக்க வேண்டும் என்றது. உதவித்தொகையாகக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் கிடைக்கும். ஊருக்குப் போய்வரும் செலவு, கைச்செலவு என்று படிப்பதற்கு உண்மையில் ஆகிற மொத்தத் தொகை அதைவிடக் கூடுதல். அதற்கு மேல் விளையாட்டு மூலம் கிடைத்த புகழை வைத்து ஒரு டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி போய்விடும் என்பது அன்றைய விதி. பெயரையும் படத்தையும் என்சிஏஏ தன் போட்டிகளை விளம்பரப்படுத்தப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வீரர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

இப்போது வீடியோ கேம் வியாபாரத்தைப் பாருங்கள். இஏவின் முதல் கல்லூரி ஃபுட்பால் கேம் 1993இல் வந்தது. பிறகு ஆண்டுக்கு ஒரு பதிப்பு. பல்கலைக்கழகங்களின் பெயர், சின்னம், மைதானம், அணிப்பாடல் ஆகியவற்றுக்கான உரிமத்தை காலேஜியேட் லைசென்சிங் கம்பெனி என்ற நிறுவனம் விற்றது. உரிமத்தொகை என்சிஏஏவுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனது. ஆடுகிற வீரருக்கு எதுவும் இல்லை. அட்டைப்படத்தில் வருபவருக்கு மட்டும் பணம் உண்டு, ஏனென்றால் அவர் கல்லூரி ஆட்டத்தை முடித்து வெளியே போனவராக இருப்பார். கடைசியாக 2013 ஜூலையில் வந்த 'என்சிஏஏ ஃபுட்பால் 14' அட்டையில் இருந்த டெனார்ட் ராபின்சனும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனவர்தான். உறைக்குள் இருக்கும் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் இலவசமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதே இஏவின் 'மேடன்' என்ற கேம் தொழில்முறை என்எஃப்எல் லீகை வைத்து எடுக்கப்படுவது. அங்கே வீரர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. சங்கம் பேரம் பேசி உரிமத்தொகை வாங்குகிறது, பெயரும் முகமும் அப்படியே வருகின்றன. ஒரே நிறுவனம், ஒரே விளையாட்டு, ஏறக்குறைய ஒரே தொழில்நுட்பம். ஒருவர் சனிக்கிழமை கல்லூரிக்கு ஆடினால் உருவத்துக்கு விலை பூஜ்ஜியம், ஞாயிற்றுக்கிழமை லீகில் ஆடினால் விலை உண்டு.

31ஆம் எண்

எட் ஓபேனன் 1995இல் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கூடைப்பந்து அணியை தேசிய சாம்பியனாக்கியவர். ஆர்கன்சாஸுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 30 புள்ளிகள், 17 ரீபவுண்டுகள். தொடரின் சிறந்த வீரர் அவர்தான். தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் இரண்டு சீசன்தான் நிலைத்தார், பிறகு வெளிநாட்டு லீக்குகளில் ஆடிவிட்டு லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்பனை வேலைக்குப் போனார். 2008இல் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, நண்பரின் மகன் "நீங்கள் இந்த கேமில் இருக்கிறீர்கள்" என்று சொல்லிப் போட்டுக் காட்டினான். யூசிஎல்ஏ ஜெர்சி, எண் 31, தோற்றத்தில் அவரேதான். இடக்கைக்காரரான அவரைப் போலவே திரையில் இருந்தவரும் இடது கையால் எறிந்தார். ஆடி முடித்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும் அவரை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

2009இல் இரண்டு வழக்குகள் அடுத்தடுத்து வந்தன. மே மாதம் கெல்லர் தொடுத்தார், ஜூலையில் ஓபேனன். இரண்டுமே வடக்கு கலிஃபோர்னியா மாவட்ட நீதிமன்றத்தில், நீதிபதி கிளாடியா வில்கன் முன்பாக. நைக்கியில் இருந்த காலத்திலிருந்து கல்லூரிகளுக்கும் ஷூ நிறுவனங்களுக்கும் இடையிலான பண உறவை உருவாக்கியவர்களில் ஒருவரான சன்னி வக்காரோ, கட்டணம் இல்லாமல் ஓபேனன் தரப்புக்கு ஆலோசகராக நின்றார். பில் ரசல், ஆஸ்கார் ராபர்ட்சன் போன்ற பழைய கூடைப்பந்து ஜாம்பவான்களும் பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு வழக்குகளும் கேட்டது வேறு வேறு கேள்வி. 'என் உருவத்தை என்னைக் கேட்காமல் விற்றாயே' என்பது கெல்லரின் வழக்கு, அதனால் அது இஏவை நோக்கியது. 'என் உருவத்துக்கு விலையே இருக்கக் கூடாது என்று நீங்கள் எல்லாரும் எப்படிச் சேர்ந்து முடிவு செய்தீர்கள்' என்பது ஓபேனனின் வழக்கு. அதில் முதன்மைப் பிரதிவாதி என்சிஏஏ. இந்த விவகாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

கலையா, நகலா

இஏவின் தற்காப்பு பேச்சுரிமை. இது லேசான வாதம் கிடையாது. புத்தகம், நாடகம், சினிமா போல வீடியோ கேமுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லியிருந்தது. உண்மை மனிதர்களைப் பாத்திரமாக்கும் ஒவ்வொரு படைப்பும் அனுமதி வாங்க வேண்டும், பணம் தர வேண்டும் என்று வைத்தால் நாவல், வாழ்க்கை வரலாறு, கேலிச்சித்திரம் எல்லாமே நின்றுபோகும்.

இதைப் பிரித்துப் பார்க்க கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2001இல் ஓர் அளவுகோல் வகுத்திருந்தது. 'த்ரீ ஸ்டூஜஸ்' நகைச்சுவை நடிகர்களை ஓர் ஓவியர் கரிக்கோலால் அப்படியே வரைந்து டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்ற வழக்கு அது. அந்த உருவம் படைப்பாளியின் கையில் புதிதாக ஒன்றாக மாறியிருக்கிறதா, இல்லை புகழ்பெற்றவரின் நேரடிச் சித்திரமே விற்கப்படும் சரக்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓவியர் தோற்றார். இரண்டு ஆண்டு கழித்து, வின்டர் சகோதரர்கள் என்ற இசைக்கலைஞர்களைப் பாதி உடல் புழுவாக இருக்கும் வில்லன்களாக வரைந்த காமிக்ஸ் நிறுவனம் ஜெயித்தது. மனிதனைப் புழுவாக்கினால் அது கற்பனை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கெல்லரின் உருவம் எந்தப் பக்கம் சேரும்? நியூ ஜெர்சியில் இதே போன்ற இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக குவார்ட்டர்பேக் ரயன் ஹார்ட், கேமில் எண் 13, 6 அடி 2 அங்குலம், 197 பவுண்டு, இடது மணிக்கட்டில் பட்டை. கீழ் நீதிமன்றம் இஏ பக்கம் தீர்ப்பளித்திருந்தது. 2013 மே மாதம் மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை 2-1 என்று புரட்டிப் போட்டது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் கெல்லர் வழக்கிலும் 2-1 என்று வீரர் பக்கம் நின்றது.

இரண்டு தீர்ப்புகளின் அடிப்படையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நிஜத்தில் கல்லூரி ஃபுட்பால் ஆடிய ஒருவர் கேமிலும் கல்லூரி ஃபுட்பால்தான் ஆடுகிறார், அதே அணிக்கு, அதே மைதானத்தில். எதுவும் மாறவில்லை. கேம் ஆடுகிறவர்கள் உருவத்தைத் திருத்தி வேறு ஆளாக ஆக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்றது இஏ. அதற்கு மூன்றாம் வட்டாரம் கொடுத்த பதில் எனக்கு முழுக்கச் சரியாகப் படுகிறது: திருத்தும் பொத்தான் ஒன்றை வைத்துவிட்டாலே போதும் என்றால், எந்த நிறுவனமும் யாருடைய உருவத்தையும் அப்படியே எடுத்து விற்றுவிட்டு, வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடும்.

மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சிட்னி தாமஸின் வாதத்தையும் சொல்ல வேண்டும். கேமில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லை, யாரோ ஒரு கெல்லருக்காக யாரும் கேம் வாங்குவதில்லை, மக்கள் வாங்குவது கல்லூரியையும் ஆடும் அனுபவத்தையும் என்றார் அவர். இதில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாம் நிலை தடுப்பாட்டக்காரர் ஒருவரின் உருவத்தைத் தனியாகச் சந்தையில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் அப்படிப்பட்ட எல்லாரையும் எடுத்துவிட்டு வெறும் பொம்மைகளை நிறுத்தினால் கேமின் மதிப்பு குறையும் என்று இஏவுக்கே தெரியும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வித்தாளுக்கு என்ன வேலை? சேர்ந்து இருக்கும்போது விலை உண்டு என்றால், சேர்த்துக் கொடுக்கவும் வழி தேடியிருக்க வேண்டும்.

ஆளுமை உரிமை என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வருவது 2015இல் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய தீர்ப்பு. தன் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் எடுத்தாள்வதை எதிர்த்து அவர் போன வழக்கு அது. அங்கே பிரபலத்தை அடையாளம் காண முடிகிறது என்பதே போதும், மக்கள் ஏமாந்தார்கள் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். நட்சத்திரத்துக்கு இது எளிது. அமெரிக்க வழக்குகளின் முக்கியத்துவம், தங்கள் ஊரைத் தாண்டி யாருக்கும் தெரியாத ஆயிரக்கணக்கான இருபது வயதுப் பையன்களுக்கும் அதே உரிமை உண்டு என்று நிறுவியதில் இருக்கிறது.

தோற்ற கையோடு இஏ சமரசத்துக்கு வந்தது. 2013 செப்டம்பர் 26 அன்று, அடுத்த ஆண்டு கல்லூரி ஃபுட்பால் கேம் வராது என்று அறிவித்தது. அதே நாளில் சமரசச் செய்தியும் வந்தது. இஏவும் உரிம நிறுவனமும் சேர்ந்து 4 கோடி டாலர். என்சிஏஏ மேலும் 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது 2014 ஜூன் 9 அன்று. ஓக்லண்டில் ஓபேனன் வழக்கின் விசாரணை தொடங்கிய அதே காலை அது. இந்தப் பணத்தை வாங்குகிற இந்நாள் வீரர்களின் தகுதி பறிபோகாது என்றும், இதை ஆட்டத்துக்கான சம்பளமாகக் கருத மாட்டோம் என்றும் என்சிஏஏ சொன்னது. நூறாண்டுக் கொள்கை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் தேவை வந்ததும் அதில் விதிவிலக்கு செய்துகொண்டார்கள்.

விலை பூஜ்ஜியம் என்ற ஒப்பந்தம்

ஓபேனன் தரப்பு விசாரணைக்குச் சற்று முன்பு ஒரு பெரிய முடிவு எடுத்தது. தனிப்பட்ட நஷ்ட ஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுவிட்டு, விதியை மாற்றும் உத்தரவு மட்டும் போதும் என்றார்கள். ஜெயித்தாலும் அந்த விசாரணையிலிருந்து ஓபேனன் கைக்கு ஒரு டாலர் வராது. ஜூரியும் இல்லை. வில்கன் தனியாகக் கேட்டு முடிவு சொல்ல வேண்டும்.

அடிப்படைச் சட்டம் 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம், போட்டியாளர்கள் கூடிப் பேசிச் சந்தையைக் கட்டுப்படுத்துவதைத் தடுப்பது. ஒரு வட்டாரத்து அரிசி மில்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, நெல்லுக்கு இதற்கு மேல் ஒரு ரூபாய் தர மாட்டோம் என்று பேசி வைத்துக்கொண்டால் விவசாயி எந்த மில்லுக்குப் போனாலும் ஒரே விலைதான். நல்ல வீரரைப் பிடிக்க நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் கடுமையாகப் போட்டி போடுகின்றன. பயிற்சியாளர், ஜிம், தங்குமிடம் என்று எல்லாவற்றிலும் போட்டி. வீரரின் உருவத்துக்கு என்ன விலை என்பதில் மட்டும் போட்டி கிடையாது, எல்லாரும் பூஜ்ஜியத்தில் கைகோத்திருந்தார்கள்.

என்சிஏஏவின் பதில், வீரர்களுக்குப் பணம் கொடுத்தால் ரசிகர்கள் விலகிப்போவார்கள் என்பது. சம்பளம் வாங்காத மாணவர்கள் என்பதால்தான் கல்லூரி விளையாட்டு தனிச்சரக்காக விற்கிறது என்று அதன் தலைவர் மார்க் எம்மர்ட் முதல் பலரும் சாட்சி சொன்னார்கள். வில்கன் அதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. ரசிகன் தன் கல்லூரி, தன் ஊர் என்ற பற்றால் பார்க்கிறான் என்றார். அமெச்சூர் என்பதன் வரையறையே காலத்துக்கு ஒன்றாக மாறி வந்திருப்பதையும் எடுத்துக் காட்டினார். அன்றைய விதிப்படி டென்னிஸ் வீரர் ஒருவர் கல்லூரியில் சேர்வதற்கு முன் 10,000 டாலர் வரை பரிசுப்பணம் வாங்கியிருக்கலாம், அவர் அமெச்சூர்தான். கூடைப்பந்துக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த விசாரணையில் வந்த சாட்சியங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இஏ அதிகாரி ஜோயல் லின்ஸ்னரின் சாட்சியம். வீரர்களின் உண்மை உருவத்தோடும் பெயரோடும் கேம் எடுக்க இஏவுக்கு விருப்பம் இருந்தது, என்சிஏஏ விதி குறுக்கே நின்றது, சட்டப்படி வழி திறந்தால் மறுபடியும் எடுப்போம் என்றார். அதாவது வாங்குகிறவர் தயார். விற்கிறவரும் தயார். நடுவில் நின்ற அமைப்பு, வீரரைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, அவருக்கு வரவேண்டியதை மட்டும் தடுத்துவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொண்டிருந்தது. இஏ செய்தது தவறு, அதற்குப் பணம் கட்டியது. ஆனால் அந்தத் தவறு நடக்க இடம் போட்டுக் கொடுத்தது என்சிஏஏ விதி என்பதுதான் இந்த வழக்கை நான் படித்த வரையில் என் முடிவு.

2014 ஆகஸ்ட் 8 அன்று வில்கன் தீர்ப்பு சொன்னார். என்சிஏஏ ஷெர்மன் சட்டத்தை மீறியிருக்கிறது. படிப்புக்கு உண்மையில் ஆகும் முழுச் செலவையும் கல்லூரிகள் தரலாம். அதோடு உருவ உரிமைக்காக ஆண்டுக்கு 5,000 டாலர் வரை ஒரு அறக்கட்டளைக் கணக்கில் போட்டு வைத்து, வீரர் கல்லூரியை விட்டுப் போகும்போது கொடுக்கலாம்.

மேல்முறையீடு ஒன்பதாம் வட்டாரத்தில், கெல்லர் வழக்கைக் கேட்ட அதே மூன்று நீதிபதிகளிடம் போனது. 2015 செப்டம்பர் 30 அன்று வந்த தீர்ப்பில் சட்ட மீறலும் முழுச் செலவு தரும் உத்தரவும் நிலைத்தன. 5,000 டாலர் அடிபட்டது. படிப்புச் செலவோடு சம்பந்தம் இல்லாத ரொக்கம் கொடுத்தால் அது அமெச்சூர் விளையாட்டே அல்ல என்றது பெரும்பான்மை. அதை எழுதிய நீதிபதி ஜே பைபீதான் இரண்டு ஆண்டு முன்பு கெல்லருக்கு ஆதரவாக எழுதியவர். அந்த வழக்கில் இஏ பக்கம் நின்ற சிட்னி தாமஸ் இப்போது வீரர்கள் பக்கம் நின்று, 5,000 டாலர் இருக்கட்டும் என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். உருவம் உன்னுடையது என்ற நீதிபதிக்கு அதற்கான ரொக்கத்தைக் கையில் கொடுப்பது ஒப்பவில்லை. யார் பக்கம் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத வழக்கு இது.

2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஓபேனனுக்குப் பாதி வெற்றி, பணம் பூஜ்ஜியம். ஆனால் என்சிஏஏ விதிகளும் போட்டிச் சட்டத்தின் பரிசோதனைக்கு உட்பட்டவைதான் என்று பதிவாகிவிட்டது. பின்னால் வந்த எல்லாம் அந்த வாசல் வழியாக வந்தவை.

கேம் திரும்பிய கதை

2013க்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் கல்லூரி ஃபுட்பால் கேம் வரவில்லை. பழைய டிஸ்க்குகள் புதிதாக வந்த விலையைவிட அதிகமாகக் கைமாறின. ரசிகர்கள் சேர்ந்து 'காலேஜ் ஃபுட்பால் ரிவேம்ப்ட்' என்ற பெயரில் 2013 கேமையே புதுப்பித்து, ஆண்டுதோறும் புதிய அணிப்பட்டியல் ஏற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். கேம் போனதற்கு ஓபேனன்தான் காரணம் என்று திட்டியவர்கள் நிறைய. இது அநியாயம். வீரருக்குப் பணம் தரக் கூடாது என்ற விதி இருக்கும்வரை அந்த கேமைச் சட்டப்படி எடுக்க முடியாமல் போனது, அவ்வளவுதான்.

2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலம், தன் கல்லூரி வீரர்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிப்பதைத் தடுக்க முடியாது என்று சட்டம் போட்டது. மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று, கல்லூரி வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்சிஏஏ வைத்த வரம்புகளை உச்ச நீதிமன்றம் 9-0 என்று ரத்து செய்தது. என்சிஏஏ சட்டத்துக்கு மேலானது அல்ல என்று நீதிபதி காவனா தனியாக எழுதினார். பத்தே நாளில், ஜூலை 1 முதல், பெயர், படம், உருவத்தை வைத்து வீரர்கள் சம்பாதிக்க என்சிஏஏ வழிவிட்டது.

2024 பிப்ரவரியில் இஏ வீரர்களுக்கு அழைப்பு விடுத்தது: கேமில் வரச் சம்மதித்தால் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும். வேண்டாம் என்றால் அவர் இடத்தில் கற்பனை வீரர் ஒருவர் நிற்பார். 134 பல்கலைக்கழகங்களிலிருந்து 11,000க்கும் மேற்பட்டவர்கள் சம்மதம் தந்தார்கள். ஜூலை 19 அன்று வந்த 'காலேஜ் ஃபுட்பால் 25' அட்டையில் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர், டெக்சஸின் குவின் யூவர்ஸ், மிச்சிகனின் டோனவன் எட்வர்ட்ஸ் மூவரும் நின்றார்கள். மூவரும் அப்போது கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஜெர்சியில் பெயர் இருந்தது. கேம் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. வீரருக்குக் காசு கொடுத்தால் ரசிகன் போய்விடுவான் என்று ஓக்லண்டில் சத்தியம் செய்து சொன்னதற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த கேமின் குறை வேறு மாதிரி. 600 டாலர் என்பது எல்லாருக்கும் ஒரே தொகை. அட்டைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும் தனி ஒப்பந்தம் உண்டு, ஆனால் கேமுக்குள் வருவதற்கு முதல் வரிசை குவார்ட்டர்பேக்குக்கும் பெஞ்சில் இருப்பவருக்கும் ஒன்றுதான். இதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், சேர்ந்து உண்டாக்கிய மதிப்பைச் சமமாகப் பிரிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. எத்தனை பிரதி விற்றாலும் அந்தத் தொகை மாறாது, ராயல்டி கிடையாது என்பதுதான் இடிக்கிறது. மேடன் வீரர்களுக்கு இருப்பது போன்ற சங்கமும் இவர்களுக்கு இல்லை. பிடித்தால் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் விலகிக்கொள் என்பதுதான் ஏற்பாடு.

2025 ஜூன் 6 அன்று அதே கிளாடியா வில்கன், என்சிஏஏ மீது வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர். இனி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அந்த உச்சவரம்பையும் வீரர்களின் சங்கம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, வழக்கறிஞர்கள் பேசி முடித்தார்கள். அடுத்த மாதமே வந்த 'காலேஜ் ஃபுட்பால் 26' கேமுக்கு இஏ தந்த தொகை 1,500 டாலர். ஒரே ஆண்டில் இரண்டரை மடங்கு ஏற்ற முடிந்திருக்கிறது என்றால், முதலில் சொன்ன 600 கேமின் மதிப்பைக் கணக்கிட்டு வந்த தொகை கிடையாது. எதிரில் பேரம் பேச ஆள் இல்லாதபோது சொன்ன தொகை அது. 1,500ஐயும் யாரும் பேரம் பேசி வாங்கவில்லை.